சூரியகாந்தியின் முதுகைப் பாருங்கள்: வகை பிரித்தறிய அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் சூரியகாந்தி வயல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது குடியிருப்பது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில். 1903 முதல் சூரியகாந்திதான் இங்கே மாநிலப் பூ. ஊரில் ஒரே ஒரு செடியைத்தான் சூரியகாந்தி என்று தெரிந்து வைத்திருந்தேன். இங்கே வந்த முதல் ஆகஸ்ட் மாதத்திலேயே அது போதாது என்று புரிந்துவிட்டது. சாலையோரம் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று, மரநிழலில் ஒன்று, மணல்மேட்டில் ஒன்று என்று எல்லாம் மஞ்சள், எல்லாம் சூரியகாந்தி, ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது என் வாழ்வில் நான் மிகவும் விரும்பிச் செய்த வேலைகளில் ஒன்று. உறவினர்களும் நண்பர்களும் படம் அனுப்பிக் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சூரியகாந்தியில் மொத்தம் எத்தனை வகை?

முதலில் இனம், ரகம் என்ற இரண்டையும் பிரித்துக்கொள்வோம். மா ஓர் இனம். மல்கோவா, பங்கனப்பள்ளி, செந்தூரம் எல்லாம் அதன் ரகங்கள். அதுபோல, வயலில் விளைவதும் பூக்கடையில் விற்பதும் ஏறக்குறைய எல்லாமே ஹீலியாந்தஸ் ஆன்னுவஸ் என்ற ஒரே இனத்தின் ரகங்கள்தான். மஞ்சள், சிவப்பு, குட்டை, நெட்டை, பஞ்சுப்பந்து போன்றது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் ஹீலியாந்தஸ் என்ற பேரினத்துக்குள் வேறு இனங்களும் இருக்கின்றன. ஐம்பதுக்கும் மேல். எல்லாவற்றுக்கும் தாய்மண் அமெரிக்கக் கண்டம்தான், பெரும்பாலும் வட அமெரிக்கா. சில இனங்கள் ஒரே வருடத்தில் முளைத்துப் பூத்து மடியும். பெரும்பாலானவை பல்லாண்டுச் செடிகள். மேலே காய்ந்தாலும் அடியில் வேரோ கிழங்கோ உயிரோடு இருந்து அடுத்த வருடம் தளிர்க்கும். ரகங்களைப் பிரிப்பது எளிது. இனங்களைப் பிரிக்கத்தான் கண் பழக வேண்டும்.

பூவைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா? படத்தில் பூ நன்றாகத் தெரிகிறதே.

எனக்கு வரும் படங்களில் பத்துக்கு ஒன்பது பூவின் முகத்தை மட்டும் காட்டுபவை. அழகான படங்கள்தான். ஆனால் முகத்தை வைத்து இனம் சொல்வது கடினம். சுற்றிலும் மஞ்சள் இதழ், நடுவில் தட்டு. பாதி இனங்களுக்கு இதே முகம்தான்.

பூவைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். தட்டுக்கு அடியில் பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும். அந்தச் செதில் அகலமா ஒடுக்கமா, நுனி சட்டென்று வால்போல் இழுத்துக்கொள்கிறதா அல்லது மெல்லக் குறுகுகிறதா, ஓரத்தில் முடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகம் சொல்லாததை இது சொல்லும்.

அப்புறம் இலை. செம்பருத்தி மாதிரி ஒன்று விட்டு ஒன்று மாறி மாறி வருகிறதா, துளசி மாதிரி எதிரெதிராக ஜோடியாக வருகிறதா? இலைக்குக் காம்பு உண்டா, அல்லது தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? தண்டைத் தடவினால் வழவழப்பா, சொரசொரப்பா? கடைசியாக, செடி நிற்கும் இடம் என்ன? மணலா, ஈரமா, காட்டு நிழலா? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பூவைப் பார்க்காமலேயே பெயர் சொல்லிவிடக்கூடிய இனங்கள் நிறைய.

முகத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: நடுத்தட்டின் நிறம். நாம் பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் கூட்டம். சுற்றி நிற்கும் ஒவ்வொரு ‘இதழும்’ ஒரு தனிப்பூ. நடுத்தட்டில் நெருக்கமாக இருப்பவையும் தனித்தனிப் பூக்களே. விதை பிடிப்பது அவற்றில்தான். அந்தத் தட்டு கரும்பழுப்பாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்பதைக் கொண்டு முதல் பிரிவைச் செய்யலாம். பல்லாண்டு இனங்கள் பெரும்பாலும் மஞ்சள் தட்டுக்காரர்கள்.

அமெரிக்காவில் சாலையோரம் தானாக வளர்வதும் நம் வயலில் விளைவதும் ஒன்றா?

ஒரே இனம். பார்த்தால் நம்ப முடியாது. வயல் செடிக்கு ஒற்றைத் தண்டு, உச்சியில் ஒரே ஒரு பெரிய தலை, அதுவும் விதை ஏற ஏறக் கனத்தால் கவிழ்ந்துவிடும். காட்டுச் செடி அடியிலிருந்தே கிளை பிரிந்து, ஆளுயரத்துக்கும் மேல் புதராகி, உள்ளங்கை அகலப் பூக்களை டஜன் கணக்கில் தாங்கி நிற்கும். விதை பொடியாக இருக்கும். முற்றியதும் தானே உதிர்ந்துவிடும்.

கிழக்கு வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் 4000 ஆண்டுகளுக்கும் முன்பே இந்தக் காட்டுச் செடியை வீட்டுப் பயிராக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரிய தலை, உதிராத விதை, குறைந்த கிளை என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் பலன்தான் இன்றைய ஒற்றைத்தலைச் செடி. ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதும், ரஷ்யாவில் அது எண்ணெய்ப் பயிரானதும் எல்லாம் அதற்கு ரொம்பப் பிறகு. பலர் இதை ரஷ்யச் செடி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை முதலில் பயிராக்கிய மக்களின் பெயர் அப்படி மறைந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கும், அதனால்தான் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவான அடையாளங்கள் இவை: பூவரசு இலை போன்ற இதய வடிவ இலை, ஆனால் ஓரத்தில் பல், தொட்டால் சொரசொரப்பு. அடி இலைகள் ஜோடியாக இருந்தாலும் மேலே போகப்போக மாறி மாறி வரும். தட்டின் முதுகில் அகலமான செதில்கள். நுனி சட்டென்று வால்போல் நீளும். ஓரத்தில் நல்ல முடி.

காட்டுச் சூரியகாந்தி மாதிரியே இருக்கிறது, ஆனால் எல்லாம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது. இது வேறா?

பெரும்பாலும் அது ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸ், அதாவது புல்வெளிச் சூரியகாந்தி. இதுவும் ஒருவருடச் செடி, இதற்கும் கருந்தட்டு. கான்சாஸ் மேற்கே மணற்பாங்கான இடங்களில் இரண்டும் கைகோத்துக்கொண்டு நிற்கும்.

பிரிக்க ஓர் அருமையான அடையாளம் உண்டு. தட்டின் நட்டநடுவில் பாருங்கள். பெட்டியோலாரிஸில் நடுவே வெள்ளைப் புள்ளி வைத்தது போல இருக்கும். சிறுபூக்களுக்கு இடையில் உள்ள செதில்களின் நுனியில் வெண்முடி இருப்பதால் வரும் தோற்றம் அது. தட்டு முழுக்க விரிவதற்கு முன் மிக நன்றாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட அன்று நான் காரை நாலு இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

இலை ஒடுக்கம், ஈட்டி போல, ஓரத்தில் பல் அநேகமாக இருக்காது, காம்பு நீளம். முதுகுச் செதில்களும் ஒடுக்கமாக, மெல்லக் கூர்ந்து முடியும். ஓரத்தில் அந்த முடி வரிசை இருக்காது. சந்தேகம் வந்தால் முதுகைத் திருப்புங்கள், தீர்ந்துவிடும்.

இந்தக் காட்டு இனத்தைத் தெரிந்துகொள்வதால் நமக்கென்ன?

இந்தக் கேள்வியை என் அத்தை மகன் கேட்டான். அவன் சுரண்டை அருகே சூரியகாந்தி போடுகிறவன். உன் வயலுக்குள்ளேயே அந்தக் காட்டுச்செடி இருக்கிறது என்று சொன்னேன்.

வீரிய ஒட்டு விதை தயாரிக்க, மகரந்தம் தராத தாய்ச்செடி வேண்டும். கையால் ஒவ்வொரு சிறுபூவிலும் மகரந்தத்தை அகற்றுவது நடக்கிற காரியமில்லை. 1969-ல் பிரான்சில் லெக்லெர்க் என்ற ஆராய்ச்சியாளர் பெட்டியோலாரிஸை வயல் சூரியகாந்தியோடு கலந்தபோது, ஆண் மலட்டுத்தன்மை கொண்ட செடிகள் கிடைத்தன. உலகெங்கும் இன்று விற்கும் வீரிய ஒட்டுச் சூரியகாந்தி விதைகள் பெரும்பாலும் அந்த ஒரே கலப்பின் வழிவந்தவை. இந்தியாவின் வீரிய ஒட்டு ரகங்களும், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் 1980-ல் வெளியிட்ட பி.எஸ்.எச்.-1 தொடங்கி, பெரும்பாலும் அந்த வழியில்தான் வந்தன. கான்சாஸ் மணலில் வெள்ளைப் பொட்டு வைத்து நிற்கும் அந்தச் சின்னச் செடியின் உயிர்க்கூறு ஒன்று சாரல் காலத்துத் தென்காசி வயலில் இருக்கிறது. முதல்முறை இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பல்லாண்டுச் சூரியகாந்திகளைப் பிரிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

இலையில் தொடங்குங்கள். பல்லாண்டு இனங்களில் பூ ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

இலை தண்டின் மேல்பகுதியில் மாறி மாறி வந்தால், செடியும் உயரமாக இருந்தால், மூன்று பேரை நினைவில் வையுங்கள். முதலாவது மேக்சிமிலியானி. ஜெர்மானிய இளவரசர் மேக்சிமிலியன் 1832 முதல் 1834 வரை வட அமெரிக்காவில் பயணம் செய்தார். அவர் பெயர்தான் இதற்கு. நீண்ட ஒடுக்கமான சாம்பல்பச்சை இலை, நடுநரம்போடு தோணி மாதிரி மடிந்து, நுனி அரிவாள்போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பூக்கள் உச்சியில் மட்டும் கூடாமல் தண்டின் நெடுகே, இலையிடுக்குகளில் வரிசையாக வரும். தூரத்திலிருந்தே மஞ்சள் தடி நட்டு வைத்ததுபோல் தெரியும். நூறடி தள்ளி நின்றே பெயர் சொல்லிவிடலாம்.

இரண்டாவது கிரோசெசெரேட்டஸ், ரம்பப்பல் சூரியகாந்தி. இதற்குத் தண்டுதான் அடையாளம். ஆமணக்குத் தண்டு பார்த்திருப்பீர்கள், செம்மை ஓடி, மேலே வெண்மாவு பூசியது போல, தடவினால் வழவழவென்று. அதே தண்டு. இலையோரத்தில் பெரிய பற்கள். ஈரமான பள்ளங்களில் கூட்டமாக நிற்கும். மூன்றாவது ஜைஜான்டியஸ். இதுவும் ஈரநிலத்துக்காரர், தண்டும் சிவப்பு, ஆனால் தடவினால் முடி சொரசொரக்கும். பின்னிரண்டையும் பிரிக்க விரலை விடச் சிறந்த கருவி இல்லை.

இலை முழுக்க எதிரெதிராக ஜோடியாக வந்தால், அநேகமாகக் காட்டோரத்து இனங்கள். டைவாரிகேட்டஸில் இலைக்குக் காம்பே கிடையாது என்று சொல்லலாம். இலைகள் இருபுறமும் படுக்கைவாட்டில் கைவிரித்தது போல நீளும், தண்டு வழவழப்பு. இலை அதேபோல இருந்து தண்டு முடியாக இருந்தால் ஹிர்சூட்டஸ் என்று சந்தேகிக்கலாம். காம்பு நன்றாகத் தெரிந்து, இலையின் அடிப்பக்கம் வெளிறியிருந்தால் ஸ்ட்ரூமோசஸ். இந்த மூன்றும் எனக்கு இன்றும் சில நாட்களில் தண்ணி காட்டுகின்றன.

மற்ற சிலவற்றைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். மோலிஸ் என்றால் எருக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: சாம்பல் பூத்த மெத்தென்ற இலை, காம்பில்லாமல் தண்டை அணைத்தபடி ஜோடி ஜோடியாக. ஆக்சிடென்டாலிஸில் இலையெல்லாம் தரையோடு இருக்கும், பூத்தண்டு மொட்டையாக மேலே போகும். சாலிசிஃபோலியஸில் நீண்ட ஒடுங்கிய இலைகள் நெருக்கமாகத் தொங்கி, பூப்பதற்கு முன்பே அழகாக இருக்கும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் வளரும். தென்கிழக்கு மாநிலங்களின் சதுப்பில் வரும் அங்கஸ்டிஃபோலியஸுக்கு இலை குச்சிபோல ஒடுக்கம், ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும், தட்டு கருமை. டெக்சாஸ் கடலோர மணலில் ஆர்கோஃபில்லஸ் என்று ஒன்று இருக்கிறது. அது ஒருவருடச் செடிதான், என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செடி முழுக்க வெள்ளிப்பட்டு போர்த்தியது போல முடி, அதன் நடுவே மஞ்சள் பூ. ஒருமுறை நேரில் பார்த்தால் மறக்காது.

கிழங்குள்ள சூரியகாந்தி என்கிறார்களே, அது எது?

ஹீலியாந்தஸ் டியூபரோசஸ். கடைகளில் ‘சன்சோக்’ என்றும் ‘ஜெருசலேம் ஆர்ட்டிசோக்’ என்றும் விற்பார்கள். ஜெருசலேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது வட அமெரிக்கச் செடி. பூர்வகுடி மக்கள் பயிரிட்டதை 1605-லேயே பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன் கண்டிருக்கிறார்.

மேலே தெரியும் அடையாளங்களைச் சொல்கிறேன். பல்லாண்டு இனங்களில் இதன் இலைதான் நன்கு அகலம். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கீழிலைகள் ஜோடியாகவும் மேலிலைகள் மாறி மாறியும் வரும். முக்கியமாக, இலைக்காம்பின் இருபுறமும் இலை கொஞ்சம் இறங்கி வந்து சிறகுபோல ஒட்டியிருக்கும். தட்டு மஞ்சள், பூப்பது கோடை முடிகிற நேரத்தில். அப்புறமும் சந்தேகம் இருந்தால், பூத்து முடிந்தபின் அடியில் தோண்டிப் பாருங்கள், இஞ்சிபோல முண்டு முண்டாகக் கிழங்கு இருக்கும். மற்ற சில இனங்களிலும் வேர் தடித்திருக்கும், ஆனால் இவ்வளவு தாராளமாக இராது.

சமைக்க நினைப்பவர்களுக்கு: இதில் மாவுச்சத்துக்குப் பதிலாக இன்யூலின் என்ற பொருள் இருக்கிறது, நம் வயிற்றில் அது எளிதில் செரிக்காது, வாயு பிடிக்கும். முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். நான் சிறுகிழங்கு மாதிரி தேங்காய் போட்டுப் பொரியல் செய்கிறேன், நன்றாக வருகிறது.

எல்லாம் பார்த்தேன், இருந்தும் பெயர் பொருந்தவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

தவறாமலும் இருக்கலாம். சூரியகாந்தி இனங்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. ஆன்னுவஸும் பெட்டியோலாரிஸும் பக்கத்தில் பக்கத்தில் வளரும் இடத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட செடிகள் கிடைக்கும். பல்லாண்டு இனங்களில் இது இன்னும் சகஜம்.

இந்தக் கலப்பு புதிய இனங்களையே உண்டாக்கியிருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். அதே ஆன்னுவஸ், பெட்டியோலாரிஸ் ஜோடியிலிருந்து மூன்று தனி இனங்கள் பிறந்திருக்கின்றன. அனாமலஸ் யூட்டா, அரிசோனா பக்கத்து மணல்மேடுகளில் வளர்கிறது, டெசர்டிகோலா வறண்ட பாலையில், பாரடாக்சஸ் நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் உப்புச் சதுப்புகளில். பெற்றோர் இரண்டும் பிழைக்க முடியாத இடங்களில் பிள்ளைகள் பிழைக்கின்றன. லோரன் ரீஸ்பெர்க் என்ற தாவரவியலாளரின் ஆய்வுகள்தான் இதைத் தெளிவாக்கின. பாரடாக்சஸ் இப்போது அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அது நிற்கும் ஈரநிலங்களில் பூவைப் பறிக்காதீர்கள், படம் போதும்.

குரோமோசோம் எண்ணிக்கையும் இனத்துக்கு இனம் மாறும். வயல் சூரியகாந்திக்கு 34, கிழங்குச் சூரியகாந்திக்கு 102. கண்ணால் பார்க்க முடியாத விஷயம் இது; ஆனால் புத்தக வரையறைக்குள் சில செடிகள் ஏன் அடங்குவதில்லை என்பதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட செடிக்கு ‘இன்ன இரண்டுக்கும் இடைப்பட்டது’ என்று எழுதி வைத்தாலே போதும். அது நேர்மையான பதில்.

படம் அனுப்பி வகை கேட்பதானால் எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

பூவின் முகம் ஒன்று, முதுகு ஒன்று. நடுத்தண்டில் ஓர் இலை, அது தண்டோடு சேரும் இடம் தெரியும்படி. அடியிலும் மேலிலும் இலைகள் எப்படி வருகின்றன என்று காட்டும் படம். தண்டு நெருக்கமாக. கடைசியாக முழுச்செடி, தரையோடு. ஏதாவது ஒரு படத்தில் விரலை வைத்தால் அளவு புரியும். ஊரையும் மாதத்தையும் எழுதிவிடுங்கள்.

கொடைக்கானல், ஊட்டி சாலையோரம் புதர் புதராக மஞ்சள் சூரியகாந்தி பூத்திருக்கிறதே, அது எந்த வகை?

அது சூரியகாந்திப் பேரினமே இல்லை. டித்தோனியா டைவர்சிஃபோலியா, மெக்சிகோவிலிருந்து வந்தது. காட்டுச் சூரியகாந்தி என்று நம் மக்களும், வல் சூரியகாந்த என்று சிங்களத்திலும் சொல்கிறார்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் ஓரமெல்லாம் இதுதான். வெட்டித் தழையுரமாகவும் போடுவார்கள்.

இதைப் பிரிப்பது மிக எளிது. இலையைப் பாருங்கள், பருத்தி இலைபோல மூன்று அல்லது ஐந்து மடலாகப் பிரிந்திருக்கும். ஹீலியாந்தஸில் அப்படி மடல் பிரிந்த இலை வராது. பிறகு பூக்காம்பைத் தடவுங்கள். தட்டை நெருங்க நெருங்கக் காம்பு ஊதிப் பருக்கும், அழுத்தினால் உள்ளே பொள்ளல். முதுகுச் செதில்களின் நுனி கூராக இல்லாமல் மழுங்கியிருக்கும். செடியும் ஒரு வருடத்தில் மடிவதில்லை, மரம்போலக் கட்டைப்பட்டு ஆளுயரத்தைத் தாண்டும்.

அழகுக்காக இதை மலையில் புதிதாக நடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கே விட்டாலும் பரவி, அந்த இடத்துச் சொந்தச் செடிகளை அமுக்கிவிடுகிறது. தோட்டங்களில் ஆரஞ்சு நிறத்தில் வைக்கும் டித்தோனியா ரொட்டுண்டிஃபோலியா இதன் தம்பி.

அமெரிக்காவில் சூரியகாந்தி என்று ஏமாற்றும் வேறு செடிகள்?

ஹீலியோப்சிஸ் முதலில். பெயரே ‘சூரியன் போன்றது’ என்றுதான் பொருள். மஞ்சள் பூ, ஜோடி இலை, எல்லாம் பல்லாண்டுச் சூரியகாந்தி மாதிரியே. ஒரு சோதனை இருக்கிறது: சுற்று இதழ் ஒன்றைப் பிடித்து இழுங்கள். ஹீலியாந்தஸில் சுற்று இதழ்ப்பூ மலடு, அதன் அடியில் விதை உண்டாகாது, வாடியதும் உதிர்ந்துவிடும். ஹீலியோப்சிஸில் இதழின் அடியில் வளரும் விதை இருக்கும், வாடின பிறகும் இதழ் காகிதம்போல ஒட்டிக்கொண்டே நிற்கும்.

சில்ஃபியத்திலும் சுற்று இதழ்கள்தான் விதை தரும், நடுத்தட்டு மலடு. சூரியகாந்திக்கு நேர் எதிர். அதில் பெர்ஃபோலியேட்டம் என்ற இனத்துக்குத் துளசிபோலச் சதுரத் தண்டு. எதிரெதிர் இலைகள் அடியில் ஒன்றாகக் கூடிக் கிண்ணமாகி மழைநீரைப் பிடித்து வைக்கும், சிறுபறவைகள் அதில் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ருட்பெக்கியாவில் நடுத்தட்டு தட்டையாக இல்லாமல் கருங்கூம்பாக எழும்பி நிற்கும், அது போதும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வயலில் குட்டிச் சூரியகாந்தி பார்த்தேன்.

பேயெள்ளாக இருக்கும். உச்செள்ளு என்றும் சொல்வார்கள். எத்தியோப்பியாவைத் தாயகமாகக் கொண்ட எண்ணெய்வித்து. பையூர் 1 என்ற ரகம் அந்தப் பகுதியில்தான் உருவானது. பூ ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, சுமார் எட்டு இதழ், காம்பில்லாத ஜோடி இலை, விதை சின்னதாகக் கருத்துப் பளபளக்கும்.

எண்ணெய்க்கானது, கொறிப்பதற்கானது என்று விதையில் இரண்டு இருக்கிறதாமே?

ஆமாம். எண்ணெய் ரக விதை சிறியது, முழுக் கருப்பு, ஓடு மெல்லியது, பருப்போடு ஒட்டியிருக்கும். கொறிக்கும் ரகம் பெரியது, கருப்பில் வெள்ளை வரி, ஓடு தடிப்பு, பருப்பு உள்ளே தளர்வாக இருப்பதால் பல்லால் உடைத்தால் முழுதாக வந்துவிடும். ரஷ்யாவின் க்ராஸ்னதாரில் புஸ்தவாய்ட் என்ற விஞ்ஞானி பல பத்தாண்டு உழைத்து எண்ணெய்ச் சத்தை மிகவும் உயர்த்தினார். 1969-ல் இந்தியாவுக்கு வந்த ரஷ்ய ரகங்கள் அந்த உழைப்பின் வாரிசுகள். மூன்றாவதாக ஒன்று: அரிசோனாவின் ஹோப்பி மக்கள் பேணிவரும் ரகத்தின் ஓடு கருநீலம், அதிலிருந்து கூடைக்கும் நூலுக்கும் சாயம் எடுப்பார்கள்.

தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரத்தில் பூத்து நிற்பது எந்த ரகம் என்று பார்த்தே சொல்ல முடியுமா?

முடியாது. இன்றைய வீரிய ஒட்டு ரகங்கள் வயலில் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். விதைப்பையைப் பார்த்தால்தான் தெரியும். மார்டன் என்ற பழைய குட்டை ரகம் மட்டும் விதிவிலக்கு. மற்றவை தலைக்கு மேல் போகும்போது அது நெஞ்சளவிலேயே நின்று சீக்கிரம் முற்றிவிடும்.

சிவப்புச் சூரியகாந்தி சாயம் போட்டதா?

இல்லை, இயற்கை நிறம்தான். 1910-ல் கொலராடோவின் போல்டர் நகரில் வில்மேட் காக்கரெல் என்ற பெண்மணி, சாலையோரத்துக் காட்டுச் சூரியகாந்திகளுக்கு நடுவே ஒரே ஒரு செடியில் இதழ் செம்பழுப்பாக இருப்பதைக் கண்டார். அதைத் தோட்டத்தில் வைத்து, மற்றச் செடிகளோடு கலந்து விதையெடுத்தார்கள். பூக்கடைகளில் பார்க்கும் செந்நிற ரகங்கள் அந்த ஒற்றைச் செடியிலிருந்து கிளைத்தவை. ஆயிரம் பேர் கடந்துபோன சாலையில் ஒருவர் நின்று பார்த்ததால் கிடைத்த நிறம்.

பஞ்சுப்பந்து போல நடுத்தட்டே தெரியாத ‘டெடி பேர்’ போன்ற ரகங்களில், தட்டுப்பூக்களும் இதழ்போல நீண்டுவிட்டன. வான் கோ 1888-ல் வரைந்த சூரியகாந்திகளில் சில இப்படிப்பட்டவை. ஒரு மரபணு மாற்றம்தான் இதற்குக் காரணம் என்று 2012-ல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூங்கொத்துக்கு விற்கும் மகரந்தமில்லா ரகங்களைக் கண்டுபிடிக்க, தட்டை விரலால் தேயுங்கள், மஞ்சள் பொடி ஒட்டாது.

எல்லா வகையும் சூரியனைப் பார்த்துத் திரும்புமா?

வயல் சூரியகாந்தியின் இளம் மொட்டும் வளரும் நுனியும் திரும்பும். பூ விரிந்தபின் கிழக்கைப் பார்த்து நின்றுவிடும். பல கிளைகளுள்ள செடிகளில் பூக்கள் பல திசையிலும் நிற்கும். எனவே திரும்புகிறதா இல்லையா என்பதை வகை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிடித்த செடியிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே வகை வருமா?

வீரிய ஒட்டு என்றால் வராது. உயரமும் பூக்கும் நாளும் செடிக்குச் செடி மாறும், சிலது கிளை விடும், சிலது மகரந்தமே தராது. ஒட்டு இல்லாத பழைய ரகங்களில் வரும், ஆனால் தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். காட்டு இனங்களும் பல அழகு ரகங்களும் தன் மகரந்தத்தில் விதை பிடிக்காது என்பதால் ஒரே ரகத்தில் குறைந்தது இரண்டு செடி வையுங்கள். மொட்டு விரியும் முன் இரண்டு தலைக்கும் மெல்லிய துணிப்பை கட்டி, பூத்த பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் பையைக் கழற்றி இரண்டையும் மெதுவாக முகத்தோடு முகம் தேய்த்து, மறுபடியும் கட்டிவிடுங்கள். ஊரில் விதைப்பிடிப்புக்காகப் பூத்தட்டைக் கையாலோ துணியாலோ தடவிவிடுவதும் இதே நேரத்தில்தான். எப்போது அறுப்பது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. தட்டின் முதுகு பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளானதும் அறுத்து, நிழலில் உலர்த்துங்கள்.